அனுப்ப முன் ஒருக்கால் வாசியுங்கள்

(கிளிநொச்சியில் சுகாதாரப் பணியாளர்களும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழு உறுப்பினர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் நம்முடைய வைத்தியசாலைகளில் ஒரு வேலை நடக்கும். பதிவேட்டு அறையில் இருக்கிற தங்கச்சி விடுதி விடுதியாக அலைவார். வெளிநோயாளர் எத்தனை, கிளினிக்குக்கு வந்தவர் எத்தனை, விடுதியில் சேர்ந்தவர், இறந்தவர், வேறிடத்துக்கு மாற்றப்பட்டவர் எத்தனை என்று கூட்டி எழுதுவார். அந்தத் தாள் பிராந்தியப் பணிமனைக்குப் போகும், அங்கிருந்து மாகாணத்துக்கு, பிறகு கொழும்புக்கு. போனது திரும்பி வராது. வந்தாலும் "ஏழாம் நிரல் நிரப்பப்படவில்லை" என்ற கடிதமாகத்தான் வரும்.

அந்தத் தாளை முதலில் வாசிக்க வேண்டியவர்கள் அதை எழுதினவர்கள்தான் என்பது என் வாதம். தரவு, கணினி, செயலி என்று எவ்வளவோ பேசலாம். அதெல்லாம் இதற்குப் பிறகு.

இந்த ஊரில் இதை விளக்குவது சுலபம். சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும்போது இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது அங்கே இருக்கிற கடைசிக் கமக்காரனுக்கும் தெரியும். அந்த அடிக்கணக்கை வைத்துத்தான் இந்த முறை எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். அளவெடுத்தவனும் முடிவெடுப்பவனும் பாதிக்கப்படுபவனும் ஒரே கொட்டகைக்குள் இருக்கிறார்கள். நம்முடைய வைத்தியசாலைகளில் அளவெடுப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இருநூறு மைலுக்கு அப்பால் இன்னொருவர்.

தரவு இல்லாததால்தான் எல்லாம் கெடுகிறது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே குழந்தைகளுக்கு இருதய சத்திரசிகிச்சை செய்த ஒரு பிரிவு. 1991-க்கும் 1995-க்கும் இடையில் அங்கே திறந்த இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்த ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 30 முதல் 35 வரையானவர்கள், அந்தக் காலத்து இங்கிலாந்தின் வழக்கமான பிரிவுகளோடு ஒப்பிட்டால் இறந்திருக்க வேண்டாதவர்கள். இயன் கென்னடி தலைமையிலான விசாரணைக் குழு 2001-இல் அறிக்கை கொடுத்தது. அதில் நெஞ்சைத் தைக்கிற விஷயம், அங்கே தரவுக்குப் பஞ்சமே இருக்கவில்லை என்பது. 80-களின் கடைசியிலிருந்தே கேள்வி கேட்கப் போதுமான கணக்குகள் கோப்புகளில் கிடந்தன. மயக்க மருந்து கொடுக்கிற ஸ்டீபன் போல்சின் என்ற வைத்தியர் தானே குறிப்பெடுத்துக் கணக்குப் பார்த்துச் சொன்னார். கேட்பதற்கு ஆள் வரச் சில வருடங்கள் போயின. அவர் கடைசியில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஆகவே புது மென்பொருள் வந்தால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் பிரிஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்முடைய கதைக்கு வருவோம். வன்னியில் எண்ணிக்கை என்பது வெறும் எண்ணிக்கையாக இருந்ததில்லை. 1981-க்குப் பிறகு இங்கே முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012-இல்தான். 2001-இல் வடக்கு கிழக்கின் பெரும்பகுதியில் அது நடக்கவில்லை. 2009-இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னிக்குள் இருந்த மக்கள்தொகையை அரசு குறைத்துச் சொன்னதையும், அதனால் உணவும் மருந்தும் குறைந்ததையும் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011-இல் எழுதியிருக்கிறது. பிறகு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே 3 இலட்சத்தை அண்டியவர்கள். ஒரு தொகையைக் குறைத்து எழுதினால் அது எங்கே போய் முடியும் என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மக்கள்தொகை பிழைத்தால் எல்லா வீதமும் பிழைக்கும். ஒரு பிரிவில் தடுப்பூசி நூற்றுக்கு 110 என்று வந்தால் நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். சிரிக்கிற விஷயம் அல்ல. கீழே வகுக்கிற தொகை பழசு, மீள்குடியேறி வந்த குடும்பங்கள் அதில் இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் கொழும்பின் மதிப்பீட்டை விட, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு பெறுமதியானது. எந்தக் காணிக்குள் யார் வந்திருக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளை யாழ்ப்பாணத்துக்குக் கலியாணம் கட்டிப் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது நான் கொஞ்சம் அதிகம் பேச விரும்புகிற இடம், மருந்துக் களஞ்சியம்.

அடுத்த வருடத்துக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று கேட்டு ஒரு படிவம் வரும். மருந்தாளர் என்ன செய்வார்? போன வருடப் பாவனையைப் பார்த்து, நூற்றுக்குப் பத்தைக் கூட்டி எழுதுவார். நியாயமான வழி மாதிரித்தான் தெரியும். ஆனால் பொருளாதார நெருக்கடி வந்த 2022-ஐ நினைத்துப் பாருங்கள். டொலர் இல்லை, மருந்து இல்லை. ஒரு வாதத்துக்கு ஒரு சீனி வருத்தக் குளிசை எட்டு மாதம் இருந்தது, நாலு மாதம் இல்லை என்று வைப்போம். இருந்த எட்டு மாதத்தில் 8,000 குளிசை போயிருக்கிறது. பதிவேட்டில் வருடப் பாவனை 8,000. உண்மைத் தேவை 12,000. மருந்து இல்லாத மாதத்தில் பாவனை பூச்சியம் என்று எழுதுகிறோமே, அந்தப் பூச்சியம் "தேவையில்லை" என்று கொழும்புக்குப் போய்ச் சேருகிறது. குறைவாக வந்ததால் குறைவாகக் கொடுத்தோம், குறைவாகக் கொடுத்ததால் குறைவாகக் கேட்டோம், குறைவாகக் கேட்டதால் இன்னும் குறைவாக வரும். ஒருவரும் களவெடுக்கவில்லை, ஒருவரும் பொய் எழுதவில்லை. ஆனாலும் ஆள் மருந்தில்லாமல் வீட்டுக்குப் போகிறார்.

இதைத் திருத்த ஒரு நிரல் போதும்: இந்த மாதம் இந்த மருந்து கையிருப்பில் இருந்த நாட்கள் எத்தனை? பாவனையை அந்த நாட்களால் வகுத்து, பிறகு வருடத்துக்குப் பெருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுக்கிறோமே, அந்தத் துண்டுகளை யாராவது எண்ணுகிறோமா? அதைவிட நேரான தேவைக் கணக்கு வேறு கிடையாது. பிரதி எடுக்க வேண்டாம், மருந்தின் பெயருக்கு நேரே ஒரு கோடு கீறினால் காணும்.

சரி, எழுதுகிற இலக்கத்தை நம்பலாமா? உங்களுடைய கிளினிக் கொப்பிகளில் நூறு பிரஷர் அளவுகளை எடுத்துப் பாருங்கள். பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாகத்தான் ஏறும். ஆகவே கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 எல்லாம் ஏறக்குறையச் சமமாக வரவேண்டும். நூறில் இருபது அளவில்தான் பூச்சியத்தில் முடிய வேண்டும். எண்பது, தொண்ணூறு என்று வந்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே விளங்கும். வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது, ஒரே தாதி, கொப்பியில் 130/80, அடுத்த கொப்பியிலும் 130/80. பிறப்பு நிறையிலும் இதே வியாதி உண்டு. 2,500 கிராமுக்குக் குறைந்தால் நிறை குறைந்த பிள்ளை, ஆகவே சரியாக 2,500-இல் ஒரு குவியல் விழும். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வரிசையைக் குறைக்காமல் அளவு மட்டும் திருந்தாது. ஆனால் அந்தக் கொப்பியை வைத்துத்தான் அடுத்த வைத்தியர் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கிறார்.

எலிக்காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலபோக மழை தொடங்கி வயலுக்குள் இறங்கினால் அது வரும். தொற்றுநோயை அறிவிக்கிற எச் 544 படிவத்தைச் சந்தேகம் வந்த உடனேயே அனுப்ப வேண்டும், ஆய்வுகூட முடிவு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அது பலருக்குத் தெரியும். கவனத்தில் படாதது முகவரி. படிவத்தில் வீட்டு முகவரி இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக்குப் போவார், சுற்றிப் பார்ப்பார். ஆனால் எங்கள் ஆட்கள் பலருக்கு வீடு ஓரிடம், வயல் இன்னோரிடம். நோய் தொற்றியது வயலில். "எந்த வாய்க்கால், எந்தக் குளத்துக்குக் கீழ்" என்று ஒரு கேள்வி கட்டிலருகே கேட்டு எழுதினால், தடுப்புக்குக் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசை எந்த வயற்காரருக்கு முதலில் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். விடுதியில் நோயாளியை வெளியே விடும்போது வெறுமனே "காய்ச்சல்" என்று எழுதி முடிக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். அது சர்வதேச நோய்ப் பட்டியலில் ஆர் 50 என்ற குப்பைக் கூடைக்குள் போய் விழும். பிறகு யாரும் அதைத் தேடி எடுக்க முடியாது.

பத்திரிகைக்காரர் இங்கே இருந்தால் மன்னிக்க வேண்டும். "முல்லைத்தீவில் மரணங்கள் இரட்டிப்பு" என்று ஒரு தலைப்பு வரும். உள்ளே பார்த்தால் போன வருடம் இரண்டு, இந்த வருடம் நாலு. 2012-இல் மாவட்டம் முழுக்க 92 ஆயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள். சிறிய தொகைகள் தாமாகவே குதிக்கும். ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும், அது வேறு. ஆனால் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டு ஒருவருக்குப் பாராட்டும் இன்னொருவருக்கு ஏச்சும் கொடுப்பது அர்த்தமில்லாத வேலை. இருபத்துநாலு மாதப் புள்ளிகளை ஒரு கட்டத்தாளில் பென்சிலால் குறியுங்கள். நடுவே சராசரிக் கோடு. எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது, அப்போது காரணம் தேடலாம். வோல்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர் 1924-இல் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலைக்காகத் தொடங்கி வைத்த முறையின் எளிய வடிவம் இது.

ஏச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. இலக்கு வைத்து அடிக்கத் தொடங்கினால் இலக்கம் உங்களை ஏமாற்றப் பழகிவிடும். இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த எவரும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். காத்திருப்பு உண்மையாகவே குறைந்தது, அதை மறுக்கக் கூடாது. கூடவே இன்னொன்றும் நடந்தது. நாலு மணித்தியாலம் முடியப்போகிற கடைசி நிமிடங்களில் நோயாளிகள் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். வெளியேறிய நேரங்களைக் குறித்த வரைபடத்தில் அந்த இடத்தில் மலை மாதிரி ஒரு கூர் எழும்பியிருந்தது.

நல்ல கதை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் நம்முடைய காட்டுக்குள்ளேயே. மலேரியா. 1963-இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. இனி என்ன என்று மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969-இல் 5 இலட்சம் பேரைத் தாண்டியது. அந்த அடி வாங்கிய திணைக்களம் அதன் பிறகு எண்ணுவதை விடவில்லை. யுத்தத்துக்குள்ளும் வன்னியில் விரலில் குத்தி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதே வருடம் டிசம்பரில், நகரங்களில் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்ற புது நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. நோயாளியே இல்லாத ஊரில் கிணற்றுக்குள் புழு தேடிக்கொண்டிருந்தவர்கள் இருந்ததால்தான் அது தெரிந்தது. பூச்சியம் என்று எழுதுவதும் வேலைதான்.

மேசையில் வந்த ஒரு துண்டில் "இவ்வளவும் எழுதினால் எங்களுடைய வருத்தம் ஊருக்கெல்லாம் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். தெரியலாம். சிறிய ஊரில் "42 வயது, பெண், இன்ன கிராமம், காசநோய்" என்று எழுதினால் பெயர் எழுதத் தேவையே இல்லை. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனியான கவனம் வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன் வட்ஸ்அப் குழு இருக்கிறது. நோயாளியின் கட்டில் சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு ஆலோசனை கேட்கிற பழக்கம் நல்ல நோக்கத்தோடு நடக்கிறது, தெரியும். பெயரை மறைத்துப் போடுங்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள். பல பட்டியல்களில் பெயர் எழுதப்பட்டுக் களைத்த சனம் இது. எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டால் முகம் சுழிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

கணினி இல்லாமல் இதெல்லாம் முடியுமா என்று இன்னொரு துண்டு. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ். 2 என்ற சுகாதாரத் தரவு மென்பொருளை 2020 ஜனவரியிலேயே கொவிட் கண்காணிப்புக்கு மாற்றிக் காட்டியது இலங்கைதான், பிறகு வேறு நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. திறமைக்குக் குறைவில்லை. கணினி வந்தால் நல்லது. வரும் வரை கட்டத்தாளும் பென்சிலும் இருக்கின்றன.

கடைசியாக, அபிவிருத்திக் குழுவில் இருக்கிற ஐயாமார், அம்மாமாருக்கு. அடுத்த கூட்டத்தில் மதிலுக்குப் பெயின்ட், தண்ணீர்த் தாங்கி எல்லாம் பேசி முடித்த பிறகு இரண்டே இரண்டு கணக்குகளைக் கேளுங்கள். போன மாதம் வெளியில் வாங்கச் சொல்லி எழுதிய துண்டு எத்தனை? கிளினிக்குக்கு வரவேண்டிய திகதியில் வராமல் விட்டவர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊர்? இரண்டாவதை ஊர்வாரியாக எழுதிப் பார்த்தால், ஒருவேளை காலை பஸ் வந்து சேருமுன்னே வரிசைக்கான இலக்கத் துண்டு முடிந்துபோகிற ஊர்கள் அதில் மேலே நிற்கும். அப்படி வந்தால் அதைக் கொழும்புக்கு எழுதத் தேவையில்லை. இலக்கத் துண்டு கொடுக்கிற நேரத்தை மாற்றுவதற்கு வைத்திய அத்தியட்சகரின் ஒரு கையெழுத்துப் போதும், அவரும் இங்கேதான் முன்வரிசையில் இருக்கிறார்.