திரைகடல் ஓடியவர்கள்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் கொடுத்திருக்கும் அரிசி ஆலை உரிமையாளர் ஐயா அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, இன்று முன்வரிசையில் அமர்ந்து என்னைப் பதற வைத்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, திரைப்படக் கழகத் தோழர்களே, வணக்கம்.

சற்றுமுன் பார்த்த 'கிங்ஸ்' படத்தின் கதை, மொழி, நடிப்பு மூன்றையும் பேச வந்தேன். 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்று சிறுவயதிலிருந்தே நமக்குச் சொல்கிறார்கள். ஓடியவன் திரும்பினானா என்று யாரும் கேட்பதில்லை. இயக்குநர் டாம் காலின்ஸ் கேட்கிறார்.

1970களின் நடுவில் அயர்லாந்தின் கானமாராவிலிருந்து ஆறு வாலிபர்கள் லண்டனுக்குக் கப்பலேறுகிறார்கள். நாலு காசு சேர்த்ததும் ஊர் திரும்புவதாக எண்ணம். முப்பது வருடம் கழித்து ஜாக்கி ஒருவன்தான் திரும்புகிறான், சவப்பெட்டியில். மற்ற ஐவரும் அவனுக்காகக் கூடிக் குடிக்கிறார்கள், பழசைக் கிளறுகிறார்கள். கோல்ம் மீனி நடித்த ஜோ மட்டும் கட்டட ஒப்பந்தக்காரராகி வசதியாக இருக்கிறார். அதுவே மற்றவர்களுக்கு உறுத்தல்.

இது வெறும் கற்பனையல்ல. அந்தக் காலத்து ஐரிஷ் தொழிலாளர்கள் விடியற்காலையில் லண்டனின் கில்பர்ன், கிரிக்கிள்வுட் தெருக்களில் வேலைக்கு ஆளெடுக்க வரும் வேனுக்காகக் காத்து நிற்பார்கள். பலருக்குக் கூலி ரொக்கமாகத்தான். காப்பீட்டுச் சந்தா போகாததால், வயதான பிறகு ஓய்வூதியத்தில் அடி விழுந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் ஓடும்போது என் பக்கத்தில் ஒரு பெரியவர். கால் மணி நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம், "தம்பி, பெட்டியில இருக்கறது யாரு?" என்றார். சொன்னேன். "அந்த வசதியான ஆளு மேல ஏன் இவ்வளவு கோவம்?" அதையும் சொன்னேன். பிறகு அவர் தன் கதையைத் தொடங்கிவிட்டார். குவைத்தில் கொத்தனார் வேலை. கூடத் தங்கியிருந்தவர் தூக்கத்திலேயே இறந்துபோக, அறையிலிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உடலை அனுப்பியிருக்கிறார்கள். "பெட்டி மேல ஒட்டுன சீட்டுல அவன் பேரத் தப்பா அடிச்சிருந்தான் தம்பி. அவன் அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கும், பேரு மாறுனா பெட்டிய வாங்காதுன்னு சொன்னேன். மாத்தி ஒட்டுற வரைக்கும் நகரல." இதைச் சொல்லும்போது, அந்தச் சீட்டு ஒட்டியிருந்த இடத்தைத் தன் நெஞ்சின்மேல் விரலால் வரைந்து காட்டினார்.

இந்த அரங்கில் அவரைவிட இந்தப் படத்துக்கு உரியவர் யார்? திரைகடல் ஓடித் திரவியம் தேடியவரின் கதை, ஓடி வந்தவருக்கே புரியவில்லை. படம் பேசுவது பெரும்பாலும் ஐரிஷ் மொழி, திரையின் அடியில் ஓடிய வசன வரியெல்லாம் ஆங்கிலம்!

அயர்லாந்தில் கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுவோர் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 72,000 பேர். அவர்களுக்கு 1996 முதல் தனித் தொலைக்காட்சி இருக்கிறது. அயல்மொழிப் பட ஆஸ்கர் போட்டிக்கு அந்த நாடு முதன்முதலாக அனுப்பிய படம் இந்த 'கிங்ஸ்'தான். அவர்களுக்கு முடிந்தது, ஒரு தமிழ் வசன வரி போட நமக்கு முடியாதா?

நடிப்பைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு படத்துக்கு ஆயிரம் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் ஆளுக்கு நூறு வரி எழுதினால் அடுத்த படத்தைத் தமிழ் வரிகளோடு போடலாம். நகர்மன்றத் தலைவர் அவர்கள் நூலகக் கணினியை மாலை நேரங்களில் தந்து உதவ வேண்டும். எழுத வருகிறவர்கள் வாசலில் உள்ள நோட்டில் இன்றே பெயர் கொடுங்கள். புலவர் ஐயா பிழை திருத்தித் தருவார்கள், கேட்டுவிட்டேன். நன்றி, வணக்கம்.