பாதி வாக்கியத்தில் எழுந்து போவது

அவைத்தலைவர் அவர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் நூலகத்துக்கு வந்திருக்கும் எழுத்து நண்பர்களே, வணக்கம்.

வீட்டிலிருந்து எழுதும்போது கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இந்த உரைக்கான குறிப்புகளை எழுத உட்கார்ந்த சனிக்கிழமைக் காலையில் மட்டும் நான் ஏழு முறை நாற்காலியை விட்டு எழுந்தேன். அவற்றில் இரண்டு முறை வீட்டார் அழைத்தார்கள். மற்ற ஐந்து முறை நானாகவே எழுந்தேன். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், பிறர் தரும் தொல்லைகள். சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறோம். மேல்வீட்டில் தரைக்கல்லை உடைத்தால் நம் வீட்டுக் கூரை அதிர்கிறது. ஆயினும் அந்த ஓசைக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக விதிப்படி, உடைத்தல், துளையிடுதல் போன்ற இரைச்சல் மிகுந்த வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் செய்யக் கூடாது. ஆகவே மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்றே, அந்த வாரத்து எழுத்தை விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாற்றிவிடுகிறேன், முடியாத நாளில் பையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிடுகிறேன். நேரம் சொல்லிவிட்டு வரும் இடையூறு பாதி இடையூறுதான்.

ஒரு காலத்தில், வீட்டுக்குள்ளேயே சத்தம் புகாத இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து கட்டப்பட்ட வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் கனத்த இரும்புக் கதவும் கொண்ட, போர்க்காலத்தில் ஒதுங்குவதற்கான பாதுகாப்பு அறை இருக்கிறதல்லவா, நாம் பாம் ஷெல்டர் என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டையையும் பயணப் பெட்டிகளையும் அடுக்கி வைக்கிறோமே, அந்த அறைதான். அங்கே ஒரு முக்காலியைப் போட்டு, மடியில் பலகையை வைத்து மூன்று வாரம் எழுதிப் பார்த்தேன். கதவைச் சாத்தினால் வியர்வை தாளில் சொட்டியது. திறந்து வைத்தால் வெங்காயம் எடுக்க வருபவர்கள் என் தலைக்கு மேல் கையை நீட்டினார்கள். ஒரு நன்மை மட்டும் தெரிந்தது: உள்ளே கைப்பேசிக்கு இணைப்பு சரியாகக் கிடைக்கவில்லை. அப்போதுதான், அந்த அறையில் இருக்க வேண்டியது நானல்ல, என் கைப்பேசிதான் என்பது விளங்கியது. இப்போது எழுதும் நேரத்தில் அது அரிசி மூட்டை மேல் கிடக்கிறது. பிள்ளையின் பள்ளியிலிருந்து அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பள்ளிக்கு என் மாமியாரின் எண்ணையும் கொடுத்திருக்கிறேன்.

இனி அந்த ஐந்து முறைக்கு வருகிறேன். ஒரு முறை, மூங்கில் கழியில் காயும் துணிகளை மழை நனைத்துவிடுமோ என்று பார்க்கப் போனேன். வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு முறை தண்ணீர் குடிக்கப் போனேன், குவளையில் தண்ணீர் இருக்கும்போதே. எழுந்த ஒவ்வொரு தடவையும் எழுத்து எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால், வாக்கியம் முடிச்சு விழுந்த இடத்தில் நின்றிருக்கிறது. எனக்குத் தாகம் எடுப்பதும் சரியாக அங்கேதான். வீட்டைக் குறை சொல்வது எளிது. வீடு பாவம், நாம் தப்பிக்கத் தேடும் சாக்குகளை எல்லாம் கேட்காமலே தந்துவிடுகிறது.

எழுந்து போவதைவிடப் பெரிய இழப்பு திரும்பி வரும்போது நேர்கிறது. சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009இல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று எழுதினார். அதைக் கவன எச்சம் எனலாம். அவரும் தெரிசா கிளோம்பும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் விட்டுப் போகும் முன், எந்த இடத்தில் நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாகக் குறித்து வைத்தவர்களுக்கு அந்த எச்சம் குறைந்ததைக் காட்டினார்கள். குறித்து வைத்ததன் பலனை அவர்கள் கண்டது, குறுக்கே வந்த வேலையில் என்பதைக் கவனியுங்கள். அதாவது, குறித்து வைத்துவிட்டுப் போனால், பிள்ளையின் கணக்கைப் பார்க்கும்போது மனம் கணக்கில் இருக்கும். கதைக்கு அதனால் என்ன நன்மை என்பதை என் அனுபவத்திலிருந்துதான் சொல்ல முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதையின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். முடிவு முழுதாக மனத்தில் நின்றது. மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டிய நேரம் வந்ததும், வந்து எழுதிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தபோது நிகழ்ச்சி நினைவிருந்தது, அதைச் சொல்லவிருந்த குரல் போய்விட்டது. வேறொரு முடிவை ஒட்டவைத்து அனுப்பினேன். கதை திரும்பி வந்தது, வர வேண்டியதுதான்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் அழைத்தாலும், எழும் முன் ஒரு துண்டுத் தாளில் அடுத்து வரும் வாக்கியத்தைப் பாதி மட்டும் பென்சிலால் எழுதிவிடுவேன். 'தாய்க்கும் மகளுக்கும் சண்டை' என்று தலைப்பு எழுதினால் பயனில்லை. திரும்பி வரும்போது அது அலுவலகக் குறிப்பைப் போல விறைத்துக் கிடக்கும். 'மகள் சாவியை மேசைமேல் வைத்தாள், ஆனால் கையை எடுக்காமல்' என்று அறுந்த நிலையில் விட்டால், வந்து உட்கார்ந்ததும் கை தானாக அடுத்த சொல்லைத் தேடுகிறது. எழுதுவதற்கு ஆகும் நேரம் பத்து நொடி. அழைத்தவர் பத்து நொடி பொறுப்பார். அடுப்பில் பால் இருந்தால் மட்டும் இந்த விதியைத் தளர்த்துங்கள்.

இருபத்தைந்து நிமிடம் எழுதி ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கும் தக்காளிக் கடிகார முறையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கியது அது. பலருக்குப் பயன்படுகிறது. குக்கர் விசிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் எனக்கு இன்னொரு மணியோசை வேண்டியிருக்கவில்லை.

துண்டுத் தாளில் நான் எதிர்பாராத ஒரு சிக்கலும் உண்டு. சென்ற மாதம், சாவி பற்றிய அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டுத் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மாமியார் அதைக் கையில் வைத்திருந்தார். "அந்தப் பொண்ணு சாவிய விட்டுட்டுப் போனாளா, இல்லியா?" என்று கேட்டார். இன்னும் எழுதவில்லை அத்தை என்றேன். "அப்ப போயி எழுது, மீன நான் பாத்துக்கறேன்" என்று பையை வாங்கிக்கொண்டார். நானும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அன்று மதியச் சாப்பாட்டுக்குள் அவர் மூன்று முறை கதவைத் தட்டி, சாவி என்ன ஆயிற்று என்று கேட்டார்.