அந்த டிரெய்லரில் இறகு எங்கே? ஜுராசிக் வேர்ல்ட் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்த கதை

(திரையில்: இருட்டுக் காடு, ஒற்றை ஹெட்லைட்)

முதலில் இந்த ஒரு ஷாட்டைப் பாருங்கள். ராத்திரி, காட்டுக்குள் ஒரு பைக் பறக்கிறது, ஓட்டுபவர் படத்தின் ஹீரோ கிறிஸ் பிராட், இரண்டு பக்கமும் வேலோசிராப்டர் டைனோசர்கள் ஓடி வருகின்றன. துரத்திக்கொண்டு இல்லை, அவரோடு சேர்ந்து, வேட்டைக்குப் போகும் நாய்கள் மாதிரி. ஜுராசிக் வேர்ல்ட் படத்தின் முதல் டிரெய்லர் இந்த ஷாட்டோடுதான் முடிந்தது. 2014 நவம்பர் 27 அன்று வரும் என்று அறிவித்திருந்தார்கள், இரண்டு நாள் முன்னதாக 25ஆம் தேதியே விட்டுவிட்டார்கள். பதின்மூன்று வருடம் இந்த வரிசையில் ஒரு படமும் வராமல் காத்துக்கிடந்த கூட்டம், அன்றைக்கு ராத்திரி தூங்கியிருக்குமா என்பதே சந்தேகம்.

அப்புறம் தொடங்கியது சண்டை. பெரிய சண்டை. ஒரு பக்கம் புல்லரித்துப்போனவர்கள், இன்னொரு பக்கம் கொதித்துப்போனவர்கள். ஆனால் இரண்டு பேரும் ஒரே படத்தின் வெறியர்கள், 1993இல் வந்த ஜுராசிக் பார்க்கின் வெறியர்கள். அப்படியிருந்தும் ஏன் இப்படி முட்டிக்கொண்டார்கள்? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

டிரெய்லரில் மனசு இளகிய இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் டைனோசர் பூங்கா இருக்கும் தீவுக்குப் போகிறார்கள், பெரிய கதவு திறக்கிறது, பின்னணியில் ஜான் வில்லியம்ஸ் போட்ட அதே பழைய இசை, ஆனால் ஒற்றை பியானோவில், ரொம்ப மெதுவாக. முதல் படத்தில் முழு இசைக்குழுவும் முழங்கிய மெட்டு அது. அதைத் தாலாட்டு மாதிரி வாசித்ததும், சின்ன வயதில் தியேட்டரில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டவர்களில் நானும் ஒருத்தன்.

(திரையில்: குளத்தின் மேல் தொங்கும் சுறா)

அடுத்து எல்லோரும் பேசிய ஷாட். ஒரு பெரிய வெள்ளைச் சுறாவை வாலில் கட்டிக் குளத்துக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கேலரியில் ஜனங்கள். தண்ணீருக்குள் இருந்து மோசசாரஸ் எழும்பி, சுறாவை ஒரே வாயில் கவ்விக்கொண்டு விழ, கேலரி முழுக்க நனைகிறது. சுறாதான் கடலின் பெரிய பூதம் என்று சினிமா நமக்குப் பழக்கிவைத்திருந்தது; இங்கே அது தூண்டில் மீன். விவரம் தெரிந்தவர்கள் உடனே அளவை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய வெள்ளைச் சுறா 6 மீட்டர் வரை வளரும். மோசசாரஸ் எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 17 மீட்டர் பக்கம்தான். திரையில் இருந்தது அதைவிட ரொம்பப் பெரியது. இன்னொன்று, மோசசாரஸ் டைனோசரே கிடையாது, உடும்புக்கும் பாம்புக்கும் உறவான கடல் ஊர்வன. ஆனால் இந்தக் குற்றத்தை ரசிகர்கள் சீக்கிரம் மன்னித்துவிட்டார்கள். அந்த ஷாட் கொடுத்த குஷி அப்படி.

மன்னிக்க முடியாமல் போனது அந்த வேலோசிராப்டர்களை, சுருக்கமாக ராப்டர்களைத்தான்.

முதல் படத்தில் சமையலறைக் காட்சி ஞாபகம் இருக்கும். கதவுக் கைப்பிடியைத் தானே திருகித் திறந்து உள்ளே வந்து, இரண்டு குழந்தைகளை மோப்பம் பிடித்துத் தேடுமே, அந்த ராப்டர். இருபது வருடமாக ஒரு தலைமுறையின் கெட்ட கனவில் வந்த மிருகம் அது. அதைப் போய் ஒரு ஆளுக்கு எடுபிடியாக்கிவிட்டார்களே என்று ஒரு கூட்டம் கொந்தளித்தது. இது முழுக்கத் திடீரென்று வந்த கோபமும் இல்லை, அந்த வருடம் மே மாதமே கதை கொஞ்சம் கசிந்து, இயக்குநர் காலின் ட்ரெவாரோ பேட்டி கொடுத்து ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பேட்டியில் அவர் ஒரு காட்சியை விவரித்தார்: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டி-ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசர் நிற்கிறது, இந்தப் பக்கம் ஒரு பையன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் காதலிக்குப் போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறான். படத்தின் கரு இதுதான் என்றார். டைனோசரே ஜனங்களுக்குச் சலித்துவிட்டதால், பூங்காவை நடத்தும் கம்பெனி மரபணுக்களைக் கலந்து புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. டிரெய்லரில் அதன் முழு உருவத்தை ஒளித்தேதான் வைத்திருந்தார்கள். எனக்கு இந்தக் கரு அன்றைக்கும் பிடித்தது, இன்றைக்கும் பிடிக்கும்.

சரி, இறகு விஷயத்துக்கு வருவோம். இதில்தான் கூட்டம் நிஜமாகவே இரண்டாகப் பிரிந்தது.

(திரையில்: லியாவ்னிங் புதைபடிவம், மெல்லிய ரோமம் போன்ற கோடுகள்)

1996இல் சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் கிடைத்த சினோசாரப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் முதுகிலும் வாலிலும் பஞ்சு மாதிரி இறகின் தடம் இருந்தது. அதற்குப் பிறகு இறகு வைத்த டைனோசர்கள் வரிசையாக வந்தன. 2007இல் வேலோசிராப்டரே மாட்டியது. மங்கோலியாவில் கிடைத்த ஒரு முன்கை எலும்பு. அதன் ஓரத்தில் சமமான இடைவெளியில் ஆறு சின்ன மேடுகள், பெரிய இறகின் காம்பு எலும்போடு சேரும் இடங்கள். இன்றைக்கும் பல பறவைகளின் இறக்கை எலும்பில் இதே மேடுகளைப் பார்க்கலாம். ஆக, வேலோசிராப்டருக்குக் கையில் இறகு இருந்தது, இதில் விவாதமே இல்லை. உருவத்திலும் அது வான்கோழி அளவுதான். படத்தில் வருவது அதைவிடப் பெரிய உறவுக்காரனான டைனோனிகஸை வைத்துச் செய்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு வந்த டிரெய்லரில் ராப்டர்கள் மொட்டையாக, பல்லித் தோலோடு ஓடின. புதைபடிவங்களை ஆராயும் தொல்லுயிரியல் ஆட்கள் பலர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள். ட்ரெவாரோவும் ஒளித்து எதையும் செய்யவில்லை, 2013 மார்ச்சிலேயே இறகு கிடையாது என்று ட்விட்டரில் ஒரே வரியில் சொல்லிவிட்டார். 2001இல் வந்த மூன்றாவது படத்தில் ஆண் ராப்டர்களின் தலையிலாவது கொஞ்சம் இறகு குத்திட்டு நின்றது. இதில் அதுவும் போயிற்று.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் இறகு கேட்டவர்களை வெறும் குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள் என்று நிறைய பேர் திட்டினார்கள், அது நியாயமே இல்லை. 1993இல் அந்தப் படம் என்ன செய்தது? டைனோசர் என்றால் வாலை இழுத்துக்கொண்டு நடக்கும் மந்தமான பெரிய பல்லி என்று நினைத்துக்கொண்டிருந்த உலகத்துக்கு, அது வேகமானது, புத்தியுள்ளது, பறவைக்கு உறவுக்காரன் என்று காட்டியது. தொடக்கத்தில் ஒரு பையன் ராப்டர் எலும்பைப் பார்த்து ஏதோ பெரிய வான்கோழி என்று கிண்டல் செய்ய, படத்தில் தொல்லுயிரியல் நிபுணராக வரும் டாக்டர் கிராண்ட் ஒரு நகத்தை எடுத்து அவன் வயிற்றின் மேல் கோடு போட்டுக் காட்டுவார், பையனுக்கு வியர்த்துவிடும். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் தொல்லுயிரியல் படிக்கப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜுராசிக் பார்க் என்பது புது உண்மையை முதலில் சொன்ன படம். அதன் வாரிசு பழைய பொய்யைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தானே செய்யும்?

எதிர்ப்பக்கத்துக்கோ அது எட்டு வயதில் பார்த்த மிருகம். அந்தத் தோல், அந்தக் கண், தரையில் நகம் தட்டும் சத்தம். அதன் உடம்பில் இறகு ஒட்டினால் அவர்களுக்கு அது வேறு மிருகம். அவர்கள் கையில் ஒரு நல்ல வாதமும் இருந்தது: இவை உண்மையான டைனோசர்களே இல்லையே, மரபணுவில் விட்டுப்போன இடங்களைத் தவளை மரபணு போட்டு நிரப்பியதாக முதல் படத்திலேயே சொல்லிவிட்டார்களே! 2015 ஜூன் 12 அன்று படம் வந்தபோது, விஞ்ஞானி டாக்டர் வூ ஏறத்தாழ இதையே திரையில் சொன்னார், கலப்பில்லாமல் செய்திருந்தால் இவற்றில் பல வேறு மாதிரித்தான் தெரியும் என்று. தியேட்டரில் எனக்கு அந்த வசனம் ரசிகர்களுக்கு எழுதிய பதில் கடிதம் மாதிரி கேட்டது.

கிராபிக்ஸ் பளபளவென்று இருக்கிறது என்ற புகாரும் நிறைய வந்தது. முதல் படத்தின் டி-ரெக்ஸ், பல ஷாட்களில் நிஜமாகவே கட்டி நிறுத்திய 12 மீட்டர் பொம்மை. மழைக் காட்சியில் அதன் ரப்பர் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் நடுங்க ஆரம்பிக்க, ஆட்கள் துண்டை வைத்துத் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். அந்த எடை கண்ணுக்குத் தெரியும், ஒளித்துவைக்க முடியாது. இந்தப் புகாரில் நான் புகார் சொன்னவர்கள் பக்கம்.

படம் உலகம் முழுக்க 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பைக் ஷாட்டைத் திட்டியவர்களும் டிக்கெட் வாங்கிப் போயிருக்காமல் அந்தக் கணக்கு வந்திருக்காது. ஆனால் இறகு கேட்டவர்கள் விடவில்லை, வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

(திரையில்: உறைந்த நீர்த்தேக்கம்)

2022இல் ஜுராசிக் வேர்ல்ட் டொமினியன் வந்தது. பனி மூடிய ஒரு நீர்த்தேக்கம், அதன் மேல் பைரோராப்டர் என்ற இன்னொரு வகை ராப்டர், உடம்பெல்லாம் சிவப்பு இறகு. சட்டென்று பனிக்கு அடியில் தண்ணீருக்குள் பாய்ந்து நீந்தி வருகிறது. கிறிஸ் பிராட் தப்பிப்பாரா மாட்டாரா என்று பதற வேண்டிய இடம் அது. நான் இறகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.