இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு என்ன கஷ்டம்?

வணக்கம் நேயர்களே. பிரிட்டனுக்கு வந்து இறங்கும் நைஜீரியர்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு வழிகாட்டும் ஒரு ஆலோசனை மையத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சமீப காலமாக எங்கள் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களில் நைஜீரியர்கள் நிறையப் பேர். இவர்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அவங்களுக்கென்ன, இங்கிலீஷ் பேசுறாங்க, டிகிரி வச்சிருக்காங்க, சமாளிச்சுக்குவாங்க." இந்த நினைப்பால்தான் அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. மொழி தெரியாமல் வருகிறவருக்காவது ஒரு தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருவார். லாகோஸில் வங்கி அதிகாரியாக இருந்துவிட்டு வருகிற பெண்ணுக்கு அதுவும் இல்லை.

இத்தனைக்கும் அந்த இங்கிலீஷையே அவர்கள் நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. நைஜீரியாவின் ஆட்சி மொழி ஆங்கிலம், பள்ளி முதல் நீதிமன்றம் வரை அதுதான். ஆனால் பிரிட்டிஷ் குடியேற்ற விதிகளில், ஆங்கிலம் பெரும்பான்மை மொழியாக உள்ள நாடுகள் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் நைஜீரியா இல்லை. அதனால் காசு கட்டி ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், அல்லது படித்த பட்டம் ஆங்கில வழியில்தான் என்று சான்று வாங்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். விசா இழுத்தடித்து அந்தக் கெடு தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

சரி, வந்து இறங்கியாகிவிட்டது. முதல் தேவை வீடு. இங்கேதான் பெரிய சிக்கல். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார், வங்கி முகவரிச் சான்று கேட்கும், முகவரிக்கு வீடு வேண்டும். இது போதாதென்று, பிரிட்டனில் சொந்த வீடோ நல்ல வருமானமோ உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பார்கள். ஹீத்ரோவில் இறங்கி நான்கு நாளான மனிதருக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? ஆள் இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடு என்பது பல காலமாக நடந்து வந்த வழக்கம். லாகோஸில் ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கட்டிப் பழகியவர்களுக்கு இது விபரீதமாகத் தோன்றுவதில்லை, அவர்களும் எப்படியோ புரட்டிக் கொடுத்துவிடுவார்கள். மோசடிக்காரர்களுக்கு வசதியாகப் போவதும் இதுதான். இணையத்தில் நாலு படத்தைப் போட்டு, சாவி வந்ததும் தருகிறேன் என்று சொல்லி, ஆள் விமானம் ஏறுவதற்கு முன்பே பணத்தை வாங்கிவிடுகிறார்கள். பெட்டி படுக்கையோடு வந்து கதவைத் தட்டினால் உள்ளே வேறு குடும்பம் இருக்கிறது. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டியே வாங்கக் கூடாது. நல்ல சட்டம்தான், ஆனால் மொத்தப் பணம் என்ற வழி அடைபட்டதும் வீட்டுக்காரர்கள் ஜாமீன்தாரரை இன்னும் அழுத்திக் கேட்பார்கள் என்று எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

அப்புறம் விசா. முன்பு கையில் ஒரு அட்டை இருந்தது, 2024 முடிவோடு அது போய் எல்லாம் இணையத்துக்கு மாறிவிட்டது. இங்கே தங்கவும் வேலை பார்க்கவும் உரிமை உண்டு என்று காட்ட, வீட்டுக்காரருக்கும் முதலாளிக்கும் இணையத்திலிருந்து ஒரு பகிர்வு எண்ணை எடுத்துக் கொடுக்க வேண்டும், அது 90 நாள் செல்லும். முறை சரிதான். ஆனால் அதைத் திறந்து பார்க்கத் தெரியாத வீட்டுக்காரர், அட்டை இல்லையா, அப்படியானால் வேண்டாம் என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்.

கடன் வரலாறு என்ற ஒன்று இந்த நாட்டில் எதற்கெல்லாம் தேவை என்பது ஊரில் இருக்கும்போது யாருக்கும் தெரியாது. மாதத் தவணையில் கைப்பேசி வாங்கவே அதைப் பார்க்கிறார்கள். அபூஜாவில் இருபது வருடம் ஒழுங்காகக் கடன் கட்டிய கணக்கு இங்கே செல்லாது. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, எங்களிடம் வருகிற எல்லோருக்கும் முதலில் நான் சொல்வதும் அதைத்தான். நைஜீரியா காமன்வெல்த் நாடு. முறையான விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், பொதுத் தேர்தலில் ஓட்டும் போடலாம். கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து முகவரியை உறுதி செய்துகொள்கின்றன. காசு கிடையாது, இணையத்தில் ஐந்து நிமிட வேலை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியா, இலங்கையிலிருந்து வந்த நம் ஆட்களுக்கும் இதே உரிமை உண்டு.

அடுத்தது குளிர். குளிரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது மீட்டரைப் பற்றி. குறைந்த வாடகை வீடுகளில் பல இடங்களில் மின்சாரத்துக்கும் கேஸுக்கும் முன்பணம் போடும் மீட்டர்தான். ஒரு சின்ன பிளாஸ்டிக் சாவியோ அட்டையோ இருக்கும், தெருமுனைக் கடையில் கொடுத்துப் பணம் ஏற்றி வந்து மீட்டரில் செருக வேண்டும். வீட்டுக்கு அருகில் கேரராக, அதாவது முதியோரைப் பராமரிக்கும் வேலை பார்க்கும் ஒரு தாய், பத்து பவுண்டு போட்டால் ஆறு ஏழு பவுண்டுதான் ஏறுகிறது, மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்று வந்தார். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கி அந்த மீட்டரில் பதிந்திருந்தது, ஒவ்வொரு முறையும் அதற்கான தவணை இவர் பணத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் கடனைக் கட்டிவிட்டு, இவர் தன் குழந்தைகளுக்கு ஒரு அறையில் மட்டும் ஹீட்டர் போட்டுக்கொண்டிருந்தார். குடிபோகிற அன்றே மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு, மின் நிறுவனத்தைக் கூப்பிட்டு, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் பழைய பாக்கியை நீக்கிவிடுவார்கள். இதை முதல் நாள் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணு ரத்த நோய் உலகிலேயே அதிகமாக உள்ள நாடு நைஜீரியா. உடம்பில் குளிர் ஏறினால் அந்த நோயாளிகளுக்குத் தாங்க முடியாத வலி கிளம்பும். மீட்டரில் காசு தீர்ந்துபோன வீடு அவர்களுக்கு வெறும் அசௌகரியம் கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போகிற காரணம். வலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கு 30 நிமிடத்துக்குள் வலி மருந்து கொடுக்க வேண்டும் என்பது இங்கே மருத்துவ வழிகாட்டுதல். அது தெரிந்தால்தானே கேட்க முடியும்? இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணத்திலிருந்து விலக்கு பெற்ற நோய்களின் பட்டியலில் இந்த நோய் இல்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அடிக்கடி மருந்து வாங்குகிறவர்கள், பல மாதக் கட்டணத்தை ஒரே தொகையாக முன்பே கட்டும் முன்கட்டணச் சான்று வாங்கிக்கொண்டால் செலவு குறையும். இன்னொன்று, ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்றோ விசா ஆதாரமோ கட்டாயம் இல்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர் கேட்டாலும் கட்டாயம் இல்லைதான்.

வேலைக்கு வருவோம். கேர் வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு வேலை ஒரே கட்டடத்தில் இல்லை, முதியவர்களின் வீடு வீடாகப் போக வேண்டும். கார் வேண்டும். நைஜீரிய லைசென்ஸ் இங்கே வந்து குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும், அதைக் கொடுத்து பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் புதிதாக எழுதித் தேற வேண்டும், தேர்வுத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. நைஜீரியா 1972இலேயே சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிவிட்ட நாடு, அதனால் பதினைந்து வருடம் ஓட்டியவரும் இங்கே ரவுண்டானாவில் தடுமாறுவார். புதிதாக வந்தவருக்கு இன்சூரன்ஸும் எக்கச்சக்கம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, அரைமணி நேரம் ஒரு வீடு, கால்மணி நேரம் ஒரு வீடு, மதியம் சும்மா காரில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு பத்துக்குத் திரும்பினால், சம்பளம் வருவது வீட்டுக்குள் இருந்த நிமிடங்களுக்கு மட்டும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல இடங்களில் வருவதில்லை.

ஏன் எதிர்த்துக் கேட்பதில்லை என்று கேட்பீர்கள். விசா அந்த முதலாளியின் கையில் இருக்கிறது, அதனால்தான். வேலை மாற வேண்டுமென்றால் புது ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்க அரசு உரிமம் உள்ள வேறு முதலாளி, புது விண்ணப்பம், புதுக் கட்டணம். இங்கே வருவதற்கே ஏஜென்டுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்து வந்திருப்பார்கள், ஊரில் நிலத்தை விற்றிருப்பார்கள். வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுகிறவரிடம் காசு வாங்குவது பிரிட்டனில் சட்ட விரோதம், 1973ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இருக்கிறது. வந்து பார்த்தால் சொன்ன மணிநேரம் வேலை இல்லை, சில நேரம் அந்த நிறுவனமே பெயருக்குத்தான் இருக்கிறது. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை கேர் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை அரசு ரத்து செய்தது, அவற்றோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000க்கும் மேல். தப்பு செய்தது நிறுவனம், தெருவில் நின்றது தொழிலாளி. உரிமம் ரத்தானால் உள்துறை அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பும், அதிலிருந்து 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும். வேலை நின்ற நாளிலிருந்து அந்த 60 நாளை எண்ணிப் பயந்துபோய், கிடைத்த முதல் ஏஜென்டிடம் மறுபடி காசைக் கொடுத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். கடிதம் வந்த பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும்.

மாணவர்கள் கதை வேறு. 2023 ஜூனில் நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். அதற்கு முன் டாலருக்கு 460 நைரா அளவில் இருந்தது, 2024 பிப்ரவரியில் 1,500ஐத் தாண்டியது. பவுண்டில் கட்டணம் அதேதான், அப்பா அங்கே நைராவில் மூன்று மடங்கு புரட்ட வேண்டும். தவணை தவறியதால் படிப்பை விட்டு நீக்கப்பட்டு, நாட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்ட நைஜீரிய மாணவர்களின் செய்தி 2024 மே மாதம் வடகிழக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது, கேட்டிருப்பீர்கள்.

குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர்களும், அதே ஆண்டு மார்ச் 11 முதல் புதிதாக வந்த கேரர்களும் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்து வர முடியாது. அதற்கு முன் குடும்பத்தோடு வந்தவர்களுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நைஜீரியாவின் இக்போ இன மக்களிடையே பிரசவத்துக்குப் பிறகு பாட்டி வந்து மாதக்கணக்கில் தாயையும் பிள்ளையையும் கவனிக்கும் முறை உண்டு, ஓமுக்வோ என்பார்கள். அந்தப் பாட்டிக்கு விசிட்டர் விசா மறுக்கப்படும்போது இங்கே நைட் ஷிப்ட் போகும் அம்மா என்ன செய்வார்? மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் வாரம் 15 மணி நேரம் இலவசக் கவனிப்பு எல்லோருக்கும் உண்டு, விசா நிலை தடையில்லை. அரசு உதவி கிடையாது என்று விசாவில் எழுதியிருப்பதைப் பார்த்து இதையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர்களைத் தாங்கிப் பிடிப்பது சர்ச்தான். லாகோஸில் 1952இல் தொடங்கிய ரிடீம்டு கிறிஸ்டியன் சர்ச்சுக்கு பிரிட்டனில் நூற்றுக்கணக்கான கிளைகள் இருக்கின்றன. முதல் குளிர்காலக் கோட்டு, தரையில் விரிக்க ஒரு மெத்தை, ஓர் அறை காலியாக இருக்கிறது என்ற தகவல், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கும். அங்குள்ள யொருபா இனத்துக்காரர்கள் அஜோ என்று நம் சீட்டு மாதிரியே பணம் சேர்ப்பார்கள், வீட்டு முன்பணம் பலருக்கு அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதே வட்டத்துக்குள்தான் ஏஜென்டும் வருகிறான், அண்ணன் என்று பழகி, நம்ம ஊர்க்காரன் என்று சொல்லி. அதனால்தான் வெளியிலிருந்தும் நாலு பேர் விஷயம் சொல்ல வேண்டும் என்கிறேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் கடை வைத்திருக்கிறீர்கள், அந்த மீட்டர் சாவியில் பணம் ஏற்றித் தருவதும் நீங்கள்தான். புது முகம் ஒன்று சாவியை நீட்டினால், "பழைய ஆள் பாக்கி ஏதாவது இருக்கான்னு கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டீங்களா?" என்று கேளுங்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் அந்தப் பகிர்வு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடம் ஆகும். உங்களோடு கேர் ஹோமில் வேலை பார்க்கும் நைஜீரியச் சகோதரிக்கு ஸ்பான்சர் பிரச்சினை வந்தால், யாருக்கும் காசு கொடுப்பதற்கு முன்னால் தொழிற்சங்கத்திடமோ உள்ளூர் ஆலோசனை மையத்திடமோ அனுப்புங்கள். கடிதம், ஒப்பந்தம், சம்பளச் சீட்டு மூன்றையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.