கொன்றது பகையா, திறந்து கிடந்த வாசலா?

நடுவர் ஐயா அவர்களே, சபையோர்களே, வணக்கம்.

"பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சான் கொலைக்குப் பெரிதும் காரணம் அரசியல் பகையா, காவலின் அசட்டையா?" இதுதான் தலைப்பு. நான் அசட்டை அணி. எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா ஊ சோவின் பகையை வரிசையாக அடுக்கினார். 1940 முதல் 42 வரை பர்மாவின் பிரதமராக இருந்த மனிதர். 1946 செப்டம்பரில் அவரை யாரோ சுட்டதில் கண்ணருகே காயம். செய்தது ஆங் சான் ஆட்கள்தான் என்று அவர் நம்பினார். 1947 ஜனவரி 27இல் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியோடு பர்மா விடுதலைக்கான ஒப்பந்தம் ஆனபோது கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தார். அத்தனையும் உண்மை. ஒன்றையும் மறுக்கப் போவதில்லை.

அக்கா, நீங்கள் சொன்னதையே நான் என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவும் ஊரறிந்த பகை. ஊரறிந்த பகையாளி ஒருத்தன் ஏரிக்கரையில் குடியிருக்கும்போது, அரசுச் செயலகத்தின் கதவை யார் திறந்து வைத்தது?

1947 ஜூலை 19, சனிக்கிழமை, காலை 10:37. நம் ரங்கூன் நடுவில், இன்றைய தெயின்பியூ சாலைக்கும் போ ஆங் ஜோ தெருவுக்கும் இடையே, அந்தச் செயலகச் செங்கல் கட்டடம். உள்ளே நிர்வாக சபை, அதாவது அன்றைய மந்திரிசபை, கூடியிருக்கிறது. ராணுவ உடுப்பில் ஊ சோ அனுப்பிய ஆட்களோடு ஒரு ஜீப் வருகிறது. சட்டையில் பிரிட்டிஷ் 12ஆம் படையின் சின்னம். ஜீப் வளாகத்துக்குள் போகிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், படியேறுகிறார்கள், தாழ்வாரம் கடக்கிறார்கள், சபை அறைக்குள் நுழைகிறார்கள். வெளி வாசல், படிக்கட்டு, தாழ்வாரம், அறைக் கதவு. நான்கு இடம். நான்கிலும் ஒருத்தர் குறுக்கே நின்று, "எந்தப் படை? யாரைப் பார்க்க? கடிதம் எங்கே?" என்று தடுத்திருந்தால் போதும்.

இந்த நகரத்தில் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். கீழே வந்தவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். எட்டிப் பார்த்து, முகம் தெரிந்தால்தான் சாவி கயிற்றில் இறங்கும். அதற்குப் பிறகும் மேலே ஓர் இரும்புக் கதவு, அதில் ஒரு பூட்டு. பேப்பர்காரருக்கே இத்தனை விசாரணை! ஒரு நாட்டின் மந்திரிசபைக்கு அந்தக் கயிறு கூட இல்லை.

கதவைத் தாண்டிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஏன் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். கொலையாளிகள் கையில் மூன்று தாம்சன், ஒரு ஸ்டென், எல்லாம் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள். தாம்சன் நிமிடத்துக்குச் சுமார் 700 குண்டு சுடும். 30 குண்டுப் பெட்டி என்றால் மூன்று விநாடிக்குள் காலி. மேசையைச் சுற்றி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதர் எழுந்து நிற்கவே அவ்வளவு நேரம் ஆகும். அறைக்குள் எத்தனை வீரம் இருந்து என்ன பயன்? காவல் என்றால் அது வாசலில்தான்.

உயிர் விட்டவர்கள் யார் யார்? 32 வயது ஆங் சான். அவருடைய அண்ணன் பா வின். தக்கின் மியா. பா சோ. கரென் தலைவர் மான் பா கைங். ஷான் நாட்டு மோங்போன் சவ்பா, அதாவது சிற்றரசர், சாவ் சான் துன், இவர் மறுநாள் இறந்தார். இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்து, மண்டலேயில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த அப்துல் ரசாக். அறிக்கை கொடுக்க வந்த போக்குவரத்துத் துறை அதிகாரி ஓன் மவுங். ஒன்பதாவது, ரசாக்கின் காவலன் கோ ட்வே. வயது 18. ஒரு மந்திரிக்கு ஒரு பையன், இதுதான் அன்றைய காவலின் லட்சணம்.

இன்னொரு கணக்கு. கொலைக்குச் சில வாரம் முன்பு ராணுவ ஆயுதக் கிடங்கிலிருந்து 200 பிரென் இயந்திரத் துப்பாக்கிகள் போலி ஆவணத்தில் வெளியே போயின. பிரென் ஒன்று ஏறத்தாழ 10 கிலோ. 200 என்றால் இரண்டு டன்! கூடையில் வைத்து மேலே கீரையைப் போட்டு மூடிக் கொண்டுபோகிற சரக்கா அது? லாரி வேண்டும், ஏற்றிவிட ஆள் வேண்டும். கிடங்கு எழுதிக் கொடுத்தது, ஊ சோவின் ஆட்கள் வாங்கிப் போனார்கள். உடுப்பைப் பார்த்தார்கள், காகிதத்தைப் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை. செயலக வாசலிலும் அதே நோய். போர் முடிந்து இரண்டே வருஷம். ராணுவ உடுப்பும் ஜீப்பும் ஊரில் எவனுக்கும் கிடைக்கிற காலம். அப்படிப்பட்ட ஊரில் உடுப்பையா அனுமதிச் சீட்டாக வைப்பது?

"துப்பாக்கி விற்றவன் வெள்ளைக்காரன், பழி அவன்மேல்" என்று எதிரணியில் ஒரு குரல் கேட்டது. ஆயுத விவகாரத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் கைதானார்கள், கேப்டன் விவியனுக்குச் சிறையும் கிடைத்தது. அதுவும் சரிதான். ஆனால் நேர்மையாகப் பேசுவோம். பாதுகாப்புத் துறை அப்போது யார் கையில்? ஆங் சான் கையிலேயே. சீனாவின் ஹைனான் தீவில் ஜப்பானியரிடம் ராணுவப் பயிற்சி எடுத்த 'முப்பது தோழர்கள்' குழுவில் முதல் ஆள். பாராக்காரனை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அவரும் அசட்டையாக இருந்தார். அவரை நேசிக்கிறவர்கள் இதைச் சொல்லக் கூசுவார்கள், எனக்கும் கூச்சம்தான்.

இதில் இழப்பு எவ்வளவு பெரிது என்றால், அந்த வருஷம் பிப்ரவரி 12இல்தான் பாங்லாங் ஊரில், சேர்ந்து விடுதலை பெற ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களோடு ஒப்பந்தம் ஆனது. கரென் தரப்பில் பெரிய பகுதி இன்னும் இணங்கவில்லை. பேச வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே கதவுக்குப் பின்னால். அன்று அந்த அறையில் இல்லாத, ஆங் சானின் கட்சித் தோழர் ஊ நூ அடுத்த நாளே அரசுப் பொறுப்பேற்றார். 1948 ஜனவரி 4இல் விடுதலை வந்துவிட்டது. 1949 தொடங்கும்போதே கரென் கிளர்ச்சியும் வந்துவிட்டது.

மணி அடித்துவிட்டார் நடுவர், ஒரு நிமிடம் ஐயா. எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி. கொலை நடந்த அன்றைக்கே ஊ சோவின் வீட்டைப் போலீஸ் சுற்றி வளைத்து அவரைப் பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் ஏரியிலிருந்து ஆயுதங்களை எடுத்தது. டிசம்பர் 30இல் மரண தண்டனை, 1948 மே 8இல் இன்செயின் சிறையில் தூக்கு. பிடிக்கத் தெரிந்த போலீஸ்தான், வழி தெரிந்த வீடுதான், ஆழம் தெரிந்த ஏரிதான். 19ஆம் தேதி மாலைக்குள் பிடிக்க முடிந்த ஆளை, 18ஆம் தேதி இரவுக்குள் ஏன் பிடிக்கவில்லை? பகையை வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட்டு உட்காருங்கள் தம்பி.