கடைசியில ஏறினா அதுதான் நியூக்ளியஸா?

வணக்கம் மக்களே. இன்னிக்கு என் முகத்தை விட ஸ்க்ரீனைத்தான் அதிகம் பார்க்கப் போறீங்க. ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம், ஒன்றரை செகண்ட் கூட வராது. அதோட இன்டோனேஷனை, அதாவது குரலோட ஏற்ற இறக்கத்தை, எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுவும் முதல்ல தப்பாத்தான் எழுதினேன்.

வாக்கியம் இதுதான்: "ஐ வாஷ்ட் த கார்." நாலு வார்த்தை, நாலு அசை. அசைன்னா இங்க தேமா புளிமா பிரிக்கிற யாப்பு அசை இல்ல, இங்கிலீஷ்ல சிலபிள்ங்கிறது. ஒருத்தர், "கார் ரெடியா?"ன்னு கேக்குறாரு. இன்னொருத்தர் இப்படிப் பதில் சொல்றாரு. கேளுங்க.

இன்னொரு தடவை போடுறேன்.

கடைசியில குரல் மேல போகுது, கேட்டுச்சா? நானும் அதைத்தான் பிடிச்சேன். 'கார்' மேல ஏறுது, அப்போ கார்தான் நியூக்ளியஸ், டோன் வந்து ரைஸ். பென்சிலை எடுத்து கார்க்கு முன்னாடி மேல் நோக்கின சாய்கோடு போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

நியூக்ளியஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பேச்சை மூச்சுக்கு மூச்சு, கருத்துக்குக் கருத்து துண்டு துண்டாத்தான் பேசுறோம். அந்தத் துண்டு டோன் யூனிட். ஒவ்வொரு துண்டுலயும் ஏதோ ஒரு அசையிலதான் முக்கியமான சுருதி மாற்றம் தொடங்கும். அதுதான் நியூக்ளியஸ். அதுக்கு அப்புறம் மிச்சம் இருக்குறது டெய்ல், வால். எங்க வெட்டுறது, எது நியூக்ளியஸ், அதுல என்ன டோன்னு மூணு முடிவு எடுக்கணும். மொழியியலாளர் ஹாலிடே 1967-லயே இதை டொனாலிட்டி, டோனிசிட்டி, டோன்னு மூணா பிரிச்சு வெச்சாரு. மூணுல ரெண்டாவதுதான் ஆளைக் கொல்லும்.

சரி, டீ குடிச்சுட்டு வந்து, நான் எழுதினதை நானே வாய்விட்டுப் படிச்சேன். 'ஐ வாஷ்ட் த' வரைக்கும் சமமா, 'கார்'ல ஏத்தி. கேளுங்க: "ஐ வாஷ்ட் த கார்?" என்னமோ யாரோ என் மேல பழி போட்ட மாதிரி, "நானா, காரைக் கழுவினேனா?"ன்னு கேக்குற தொனி. பதிவுல இருக்குறவரு அப்படிக் கேக்கவே இல்ல. அவரு பதில் சொல்றாரு, ஆனா முழுசா சொல்லாம இழுக்குறாரு.

அப்பதான் தமிழ்ல சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னது இது: "கழுவ என்னவோ கழுவிட்டேன்..." அவ்ளோதான். கழுவிட்டேன், ஆனா பாலிஷ் போடல, உள்ள தூசி தட்டல, ரெடின்னு சொல்ல முடியாது. அந்த 'என்னவோ'தான் இங்க விஷயம். 'கார்'ங்கிறது ஏற்கெனவே கேள்வியிலயே வந்தாச்சு, அதுல புதுசா ஒண்ணும் இல்ல. புதுசா இருக்குறது 'வாஷ்ட்'. அப்போ நியூக்ளியஸ் 'வாஷ்ட்'. டோன் ரைஸ் இல்ல, ஃபால்-ரைஸ். இறங்கி ஏறுறது.

அப்ப கடைசியில கேட்ட ஏற்றம்? அது வால்ல விழுந்த ஏற்றம். ஃபால்-ரைஸுக்குப் பின்னாடி வால் இருந்தா, இறக்கம் நியூக்ளியஸ்ல நடந்துடும், ஏற்றம் வால் நுனிக்குப் போயிடும். ரெண்டுக்கும் நடுவுல 'த' கீழேயே படுத்துக் கிடக்கும். கடைசியா ஏறினதை மட்டும் காது பிடிச்சுக்கிட்டா, என்னை மாதிரி வாலைப் பிடிச்சுட்டு யானைன்னு சொல்லுவீங்க.

இதே நாலு வார்த்தையை வேற வேற மாதிரி சொல்றேன் பாருங்க. 'ஐ'ல அழுத்தி இறக்கினா, "நான்தான் கழுவினேன்." 'வாஷ்ட்'ல நேரா இறக்கினா, "அதான் கழுவிட்டேனே." 'கார்'லயே இறக்கி ஏத்தினா, "காரை வேணா கழுவினேன், மத்ததைக் கேக்காதீங்க." நாம 'தான்', 'ஆ', 'ஏ', 'வேணா', 'என்னவோ'ன்னு ஒட்டு வெச்சுச் செய்யுற வேலையை இங்கிலீஷ் பெரும்பாலும் சுருதியிலயே முடிச்சுடுது. தமிழ்லயும் ஏற்ற இறக்கம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நமக்கு ஒட்டும் கூட இருக்குறதால, இங்கிலீஷ் கேக்கும்போது சுருதியைத் தனியா கவனிக்கணும்னே தோணுறதில்ல. அதனால நான் இப்ப எதை எழுதினாலும், முதல்ல தமிழ்ல எந்த ஒட்டு வரும்னு தேடுறேன். எல்லா இடத்துலயும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தாது. ஆனா 'இஸன்ட் இட்' மாதிரி வாக்கியக் கடைசியில ஒட்டுற கேள்விக்கெல்லாம் (டேக் கொஸ்டின்) சூப்பரா வேலை செய்யும். இறக்கினா "நல்லாருக்குல்ல", ஆமான்னு சொல்லுங்கன்னு அர்த்தம். ஏத்தினா "நல்லாருக்கா இல்லையா", நிஜமாவே தெரியாமக் கேக்குறது.

இப்ப ஸ்க்ரீனுக்கு வருவோம். இது ப்ராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ரெண்டு பேரும் எழுதின, பேச்சொலியை அலசுற இலவச மென்பொருள். டச்சு மொழியில 'ப்ராட்'னா பேச்சுன்னு அர்த்தம். இந்த நீலக் கோடுதான் பிட்ச், அதாவது சுருதி.

ஜூம் பண்றேன், இருங்க. 'வாஷ்ட்'ல 210 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஆரம்பிச்சுச் சரியுது. திடீர்னு கோடே காணோம். ஏன்னா 'ஷ்ட்'ல குரல்வளை அதிராது. அதிர்வு இல்லன்னா பிட்ச்சும் இல்ல. ஆனா நம்ம காது அந்த ஓட்டையைக் கவனிக்கவே கவனிக்காது, ஒரே சரிவாத்தான் கேக்கும். அப்புறம் 'த', 135 கிட்ட. மறுபடி ஓட்டை, அது 'கார்'ல வர 'க்'. அதை ஒட்டி ஒரு குட்டித் துள்ளல் தெரியுதா? அதைப் பார்த்துட்டு இங்க ஒரு ஏற்ற இறக்கம் இருக்குன்னு எழுதிடாதீங்க. 'க்' மாதிரி அதிராத மெய்க்கு அடுத்து வர உயிர் கொஞ்சம் உயரத்துல ஆரம்பிக்கும், பேசுறவர் வேணும்னு செய்யுறதில்ல. அதுக்கு அப்புறம் 190 வரைக்கும் ஏறுது பாருங்க, அதுதான் நிஜமான ஏற்றம்.

கோட்டை நம்பி எழுதலாம்னு நினைக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. குரல் கரகரன்னு முடியுற இடத்துல ப்ராட் பாதி எண்ணைக் காட்டும், இல்லன்னா ஒண்ணுமே காட்டாது. சில நேரம் நேர் இரட்டிப்பாத் தாவும். அதனால ரேஞ்சை முதல்லயே செட் பண்ணிடுங்க. ஆண் குரலுக்கு 75-லேர்ந்து 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100-லேர்ந்து 500ன்னு தொடங்குறது வழக்கம். அதே மாதிரி, ரெண்டு பேரை ஒப்பிடும்போது ஹெர்ட்ஸை அப்படியே கழிக்காதீங்க. ஒருத்தர் 200-லேர்ந்து 150-க்கு இறங்குறாரு, இன்னொருத்தர் 100-லேர்ந்து 75-க்கு. கழிச்சா 50, 25. காதுக்கு ரெண்டும் ஒரே இறக்கம். சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு, சுத்த மத்யமத்துலேர்ந்து சட்ஜத்துக்கு வர தூரம். ச-விலிருந்து மேல் ச-வுக்குப் பன்னிரண்டு செமிடோன், இது அதுல அஞ்சு.

1909-ல ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸுக்கு இந்தக் கோடெல்லாம் ஏது? கிராமபோன் தட்டை ஓடவிட்டு, அசைக்கு அசை ஊசியைத் தூக்கித் தூக்கி, கடைசியாக் காதுல நின்ன சுருதியைக் குறிச்சுக்கிட்டாரு. நான் மௌஸ்ல இழுத்து இழுத்துப் போடுறதும் கிட்டத்தட்ட அதேதான், ஊசி மட்டும் தேயாது.

எழுதுறதுக்கு எந்த முறை? ஆரம்பத்துல ரெண்டு கோட்டுக்கு நடுவுல புள்ளி வைக்கிற முறைதான் என் சாய்ஸ். மேல் கோடு அவர் குரலோட உச்சம், கீழ் கோடு அடி. அழுத்தம் உள்ள அசைக்குப் பெரிய புள்ளி, இல்லாததுக்குச் சின்னப் புள்ளி, சுருதி நகர்ந்தா புள்ளிக்கு ஒரு வால். தவளைக்குஞ்சு மாதிரி இருக்கும், ஆனா ஏமாத்த முடியாது. எல்லா அசைக்கும் இடம் சொல்லியே ஆகணும். டோபின்னு இன்னொரு முறை, மொழியியலாளர் பியர்ஹம்பர்ட்டோட 1980 ஆய்வேட்டு அடிப்படையில 1992-ல வந்தது. அதுல ஹெச்னா உயரம், எல்னா தாழ்வு; ஸ்டார் அழுத்தம் உள்ள அசைக்கு, பெர்சென்ட் வாக்கிய விளிம்புக்கு, மைனஸ் ரெண்டுக்கும் நடுவுல. நம்ம வாக்கியம், 'வாஷ்ட்' மேல ஹெச் ஸ்டார், கடைசியில எல் மைனஸ் ஹெச் பெர்சென்ட். அழகு என்னன்னா, அந்தக் கடைசி ஏற்றம் எந்த வார்த்தைக்கும் சொந்தமில்ல, வாக்கியத்தோட விளிம்புக்குச் சொந்தம்னு அதுலயே தெரிஞ்சுடும். நான் தப்பு பண்ணின இடம் அதேதான். ஆனா டோபியை முதல் நாளே எடுத்தா குறியை மனப்பாடம் பண்ணுவீங்க, காது வளராது.

அதனால என் வரிசை இப்போ இது. முதல்ல கேக்குறது, அப்புறம் அதே மாதிரி பேசிப் பார்க்குறது, அப்புறம் எழுதுறது. எழுதினதை மறுபடி வாய்விட்டுப் படிச்சு, பதிவோட சேருதான்னு பார்த்ததுக்கு அப்புறம்தான் ப்ராட்டைத் திறக்குறது. இந்தத் தடவை பென்சில் கோட்டை அழிச்சுட்டு 'வாஷ்ட்' முன்னாடி வி மாதிரி குறி போட்டாச்சு.

அடுத்த கிளிப் இது. "ஐ டிட்ன்ட் கால் பிகாஸ் ஐ வாஸ் டையர்ட்." கூப்பிட்டாரா, கூப்பிடலையா? வேற காரணத்துக்காகக் கூப்பிட்டாரா? ரெண்டு பேர் சொன்னதை வெச்சிருக்கேன். ஒருத்தர் நடுவுல வெட்டுறாரு, இன்னொருத்தர் வெட்டல. ஹெட்போன் மாட்டிக்கோங்க, போடுறேன்.