பாலைவனத்தில் ஒரு டாங்கி அதிகாரி

நேயர்களுக்கு வணக்கம். போர்முனையிலிருந்து தப்பி ஓடியவர்கள் கதை நிறைய உண்டு. இரண்டாம் உலகப் போரில் போர்முனையை நோக்கி ஓடிப்போன ஓர் ஆங்கிலேய அதிகாரி கீத் டக்ளஸ். வயது 22, கவிஞர், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்.

1942 அக்டோபர் 23 இரவு எகிப்தில் எல் அலமைன் போர் தொடங்கியபோது, போர்முனைக்குப் பின்னால் இருந்த தலைமையகத்தில் அவருக்கு உருமறைப்பு வேலை. அவருடைய டாங்கிப் படையான ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் ரெஜிமென்ட்டோ முன்னால் அடி வாங்கிக்கொண்டிருந்தது. சில நாள் பொறுத்தார். அப்புறம் உத்தரவில்லாமல் ஒரு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மேலிடம் அனுப்பியதாகக் கர்னலிடம் சொன்ன பொய் எடுபட்டது. பல அதிகாரிகளை இழந்திருந்த நேரம், யார் துருவிக் கேட்கப்போகிறார்கள்?

கொடுத்தது குரூசேடர் டாங்கி. வேகமாக ஓடும், ஆனால் கவசம் மெல்லியது. ஜெர்மானியரின் 88 மில்லிமீட்டர் பீரங்கி ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே துளைத்துவிடும். குரூசேடரின் மூன்றாம் வகையில் மூன்றே பேர். ஓட்டுநர் கீழே, மேலே சுடுபவரும் அதிகாரியும். வழி பார்ப்பது, வயர்லெஸ்ஸில் பேசுவது, குண்டு நிரப்புவது எல்லாம் அதிகாரி தலையில். எதிரியைக் கண்டுபிடிக்கத் தலையை வெளியே நீட்டியே ஆகவேண்டும். எஞ்சின் இரைச்சலில் வெளிச்சத்தம் எதுவும் காதில் விழாது.

இருட்டினால் ஓய்வு என்று நினைக்காதீர்கள். டாங்கிகள் பின்வாங்கி நெருக்கமாகக் கூடி நிற்கும். லாரிகள் வந்து சேர்ந்ததும் பெட்ரோல், குண்டு, தண்ணீர் ஏற்றி, பழுது பார்த்து, மறுநாள் உத்தரவைக் கேட்டு முடிக்கவே நள்ளிரவு தாண்டிவிடும். விடியுமுன் மறுபடி நகரவேண்டும். என்னைக் கேட்டால், குண்டுக்கு அடுத்தபடி அந்த வாழ்க்கையை ஆட்டிவைத்தது தூக்கமின்மைதான். பகலில் வண்டி நின்றால் போதும், வெட்டிய தகர டின்னில் மணல் போட்டு, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி, டீ போட்டுவிடுவார்கள்!

1943 ஜனவரியில் லிபியாவின் ஸெம் ஸெம் பள்ளத்தாக்கில், கம்பி இடறி வெடிக்கும் கண்ணிவெடியில் டக்ளஸ் காயப்பட்டார். மருத்துவமனைப் படுக்கையில் கவிதைகள் எழுதினார். எரிந்த டாங்கிகளையும் செத்துக் கிடந்தவர்களையும் கண்ணை விலக்காமல் பார்த்து எழுதியவர். செயலிழந்து கிடந்த டாங்கிகளில் தாம் எடுத்துக்கொள்ளப் பொருள்கள் தேடியதைக்கூட மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நம்புகிறேன்.

1944 ஜூன் 9, பிரான்சின் நார்மண்டியில் இறந்தபோது வயது 24. அவருடைய பாலைவன நினைவுகள் 1946-ல்தான் புத்தகமாக வந்தன.